கழுதைக்கு ஒரு வக்கீல்

எங்கள் வீட்டில் பழமொழிகளுக்கு உள்ள ஒரே வேலை என்னைத் திட்டுவது. கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு புருஷனை முகத்துக்கு நேரே 'கையாலாகாதவர்' என்று சொல்ல என் மனைவிக்கு மனம் வராது. நல்ல குடும்பத்துப் பெண். அதனால் 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்பாள். நான் ஆடவும் இல்லை, கூடத்தைப் பற்றி வாயைத் திறக்கவும் இல்லை. குழாய்க்கு வாஷர் மாற்ற உட்கார்ந்தவன், 'ஸ்பேனர் சரியில்லை' என்று மட்டும்தான் சொன்னேன். ஆனாலும் திட்டு வழி விசாரித்துக்கொண்டு என்னிடமே வந்து சேர்ந்துவிடும். பழமொழியில் உள்ள சௌகரியம் அதுதான். சொன்னவள் பொறுப்பில்லை, என்றைக்கோ செத்துப்போன யாரோ சொன்னது. வாங்கிக்கொள்கிறவன் மட்டும் உயிரோடு இருந்தால் போதும்.

இதில் எனக்கு இரட்டை வரும்படி. அம்மா தஞ்சாவூர்ப் பக்கம், மனைவி அம்பாசமுத்திரத்துப் பக்கம். காவிரிக் கரைப் பழமொழிகளும் தாமிரபரணிக் கரைப் பழமொழிகளும் சங்கமமாகிற இடம் சென்னையில் எங்கள் குடித்தனம். மாமியாருக்கும் மருமகளுக்கும் கடுகு தாளிப்பதில் தொடங்கி வாசல் கதவைச் சாத்துவது வரை எல்லாவற்றிலும் கருத்து வேற்றுமை உண்டு. என்னைப் பற்றி மட்டும் கிடையாது.

பொதுவாக நான் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரே ஒரு பழமொழிதான் என்னை ஆராய்ச்சியாளன் ஆக்கிவிட்டது.

கூடாரவல்லிக்குச் சர்க்கரைப் பொங்கல். நெய் முழங்கை வரை வழிந்தது, முந்திரிக்கும் குறைவில்லை. ஆனால் முதல் வாயிலேயே என்னவோ குப்பென்று மூக்கில் ஏறியது. "வீட்ல யாருக்காவது ஜலதோஷமா? பொங்கல்ல தைல வாசனை வருதே" என்று கேட்டேன். அக்கறையோடுதான் கேட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "பச்சைக் கற்பூரம்டா! பெருமாள் கோயில்ல போடுவாங்க, தின்னதே இல்லையா நீ?" என்றாள். சமையலறையில் சற்று நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, யாரையும் பார்க்காமல், யாருக்கும் என்று இல்லாமல், ஒரு வாக்கியம் வெளியே வந்தது: "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை." சிரிப்பை அடக்கப் போன என் மகளுக்குப் புரையேறிவிட்டது.

அந்த வாரமே தொலைக்காட்சியில் ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் வந்து என் மானத்தைக் காப்பாற்றினார். அந்தப் பழமொழியில் கழுதையே கிடையாதாம். 'கழு' என்று ஒருவகைக் கோரைப்புல் உண்டாம். அதைப் பாயாகத் தைத்தால் கற்பூர மணம் வீசுமாம். 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' என்று முன்னோர் சொன்னதை, பின்னால் வந்த விவரம் கெட்டவர்கள் சேர்த்துச் சேர்த்து உச்சரித்துக் கழுதையாக்கிவிட்டார்களாம். அரங்கமே கைதட்டியது. சோபாவில் இருந்தபடி நானும் தட்டினேன், சமையலறைப் பக்கம் திரும்பி.

எனக்குத் தெரிந்த கழு, ஆளை ஏற்றுகிற கழுமரம் ஒன்றுதான். ஆனால் மானம் போனவனுக்கு அகராதியோடு என்ன சண்டை? கழுவேற்றாமல் பாயில் படுக்கவைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே.

இப்படிப் பழமொழிகளுக்கு 'உண்மைப் பொருள்' கண்டுபிடிப்பது இன்றைக்குப் பெரிய தொழில். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' தப்பாம், 'ஆயிரம் வேரைக் கொன்றவன்' என்பதுதான் சரியாம். 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பதில் வருவது பிரம்படி இல்லையாம், ஆண்டவன் திருவடியாம். 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்பது சஷ்டி விரதமாம், அகப்பை என்றால் கருப்பையாம். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது வலது கையைச் சொன்னதாம்: சாப்பிடும்போது முன்னால் நீளும், அம்பு தொடுக்கும்போது பின்னால் இழுக்கும். இந்தக் கடைசி விளக்கத்தை என் மைத்துனர் மனப்பாடமே செய்துவிட்டார். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில், அதுவும் பாயசம் வருகிற வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "நான் முந்தலை அத்தான், என் வலது கைதான் முந்துது" என்கிறார்.

ஒன்றைக் கவனித்தேன். ரிப்பேருக்குப் போன பழமொழி எதுவும் திரும்பி வரும்போது யாரையும் திட்டுவதில்லை. வைத்தியர் தப்பித்துவிடுகிறார், அடிவாங்கிய பிள்ளை பக்திமானாகிவிடுகிறான், சாப்பாட்டு ராமன் வில்லாளியாகிறான். கடைசியில் ஒரு மூலிகையோ ஒரு விரதமோ கைக்கு வந்து சேர்கிறது. முன்னோர்கள் வாயில் கெட்ட வார்த்தையே வந்திருக்காது என்று நிரூபிக்க நமக்கு அப்படி ஓர் அவசரம். என் அவசரம் கொஞ்சம் சொந்த அவசரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வழக்கை எடுத்துக்கொண்டு சாட்சி தேடிக் கிளம்பினேன். அடுக்ககத்தில் பல மாநிலத்தவர் இருப்பதால் அங்கேயே தொடங்கினேன். தமிழில் தவறாகச் சேர்த்துப் படித்ததால் பிறந்த கழுதை என்றால், தெலுங்கிலும் கன்னடத்திலும் அது இருக்கக் கூடாது அல்லவா? அங்கே கழுதைக்குப் பேரே வேறு. கழுவும் இல்லை, தைக்கவும் இல்லை.

மேல் மாடி நெல்லூர் அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதுதான் தாமதம், கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "காடிதகேம் தெலுசு கந்தபு செக்க வாசன." சந்தனக் கட்டையின் வாசனை கழுதைக்கு என்ன தெரியும். நன்றி சொல்லிவிட்டு எதிர் வீட்டு மைசூர்க்காரரிடம் போனேன். ஓய்வுபெற்ற சம்ஸ்கிருதப் பேராசிரியர், பேச ஆள் கிடைக்காதா என்று வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். "கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள" என்றார். இங்கே கஸ்தூரி. கீழே டீக்கடைச் சேட்டனிடம் கேட்டதற்கு, "குங்குமம் சுமக்குந்ந கழுத எந்நு பறயும் சாரே" என்று சொல்லி ஏனோ என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் சொன்ன குங்குமம் நெற்றிக்கு இடுவதில்லை, குங்குமப்பூ.

வாசனை வீட்டுக்கு வீடு மாறுகிறது, கழுதை மாறவில்லை. தமிழிலேயே 'கந்தப்பொடி வாசனை' என்று சொல்கிறவர்கள் உண்டு என்று அம்மா வேறு நினைவுபடுத்தினாள். அப்படியானால் அந்தப் பாய் கந்தப்பொடியும் மணக்க வேண்டும்.

பேராசிரியர் அத்தோடு விடவில்லை. மறுநாள் அவரே வந்து அழைப்பு மணியை அழுத்தினார். சுஸ்ருத சம்ஹிதையில், சூத்திர ஸ்தானத்தில், சந்தனம் சுமக்கிற கழுதை வருகிறதாம். அதற்குச் சுமையின் கனம் தெரியும், சந்தனம் தெரியாது. சாஸ்திரங்களைப் படித்துப் பொருள் புரியாதவனும் அப்படித்தான் சுமக்கிறான் என்று போகிறது அந்த இடம். "ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தியே கழுதை வேலையில சேர்ந்தாச்சு சார்" என்றார். போகிற போக்கில் வைத்தியர் வழக்கையும் முடித்துவிட்டார். நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றவன் சிகிச்சகன் என்று சம்ஸ்கிருதத்தில் ஒரு வசனம் உண்டு. அதில் 'வேர்' என்று பிரித்துப் படிக்க எந்த இடுக்கும் இல்லை. அவர் பேசிய மொத்த நேரமும் என் மனைவி காபி டம்ளரோடு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேராசிரியருக்கு இரண்டாவது காபி கிடைத்தது. எனக்கு முதல் காபியே அன்று தாமதம்.

வாய்மொழிச் சாட்சி கைவிட்டால் ஆவணம் பார்ப்பதுதான் முறை. கன்னிமாரா நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1874-ல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்டார், 1894-ல் ஜான் லாசரஸ் ஓர் அகராதியே போட்டார், 1897-ல் டேனிஷ் பாதிரியார் ஹெர்மன் ஜென்சன் வகை பிரித்துக் கொடுத்தார், நம் கி.வா.ஜகந்நாதன் நான்கு தொகுதிகளில் சேர்த்து வைத்தார். இந்தப் பழைய தொகுப்புகளைப் புரட்டினால் முன்னோரின் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். மாமியார், மருமகள், தட்டான், வண்ணான், பார்ப்பான், விதவை, குருடன், ஒருவர் பாக்கியில்லை. சில பக்கங்களை இன்றைக்குச் சத்தமாகப் படிக்க முடியாது. திருவடியையும் மூலிகையையும் மட்டும் பேசிக்கொண்டிருந்த கூட்டம் இது என்று யாராவது சொன்னால், அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னும் பின்னால் போனாலும் பிறந்த தேதி கிடைக்கிற வழியாக இல்லை. முன்றுறையரையனார் பழமொழி நானூறு பாடினார், பாட்டுக்கு ஒரு பழமொழியைக் கடைசியில் வைத்தார். பதினெண்கீழ்க்கணக்குக் காலத்திலேயே அவற்றுக்குப் பேர் 'பழ'மொழி. அவருக்கே பழையது என்றால் நான் யாரிடம் போய் விசாரிப்பது? தொல்காப்பியர் முதுமொழிக்கு இலக்கணம் சொல்கிறார்: நுட்பம் வேண்டும், சுருக்கம் வேண்டும், ஒளி வேண்டும், எளிமை வேண்டும். மரியாதை வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை.

நூலகத்தில் இன்னொன்றும் அகப்பட்டது, அதுவும் எனக்கு எதிராக. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் சாத்துச் சாத்தாகப் போகின்றன. முதுகில் சுமை அழுத்திய தழும்போடு போகின்றன. சங்க காலத்துச் சரக்கு லாரியே கழுதைதான். வாசனைச் சரக்கை முதுகில் வைத்துக்கொண்டு, அது என்னவென்று கேட்காமல் நடக்கிற பிராணியைத் தினமும் பார்த்தவனுக்கு இந்தப் பழமொழி தோன்றப் புல் எதற்கு, பாய் எதற்கு?

கற்பூரமும் அந்தக் காலத்தில் பெட்டிக்கடைச் சாமான் இல்லை. இன்று நாம் ஏற்றுகிற வில்லை பெரும்பாலும் பைன் மரத்து டர்ப்பென்டைனிலிருந்து ரசாயன முறையில் செய்வது. பழைய கற்பூரம் கடல் தாண்டி வந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஒரு துறைமுகம். மலாய்க்காரர்கள் இன்றும் கற்பூரத்தைப் 'பாருஸ் கற்பூரம்' என்றுதான் சொல்கிறார்கள். அதன் பக்கத்தில் லோபு துவாவில் 1088-ம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவினுடையது. அவ்வளவு தூரம் கப்பலேறிப் போய் வாங்கி வந்த சரக்கைக் கரையில் இறக்கிக் கழுதை மேல் ஏற்றினால், அந்தக் கழுதை அலட்சியமாகக் காதை ஆட்டினால், செட்டியாருக்கு வயிறு எரியுமா எரியாதா?

வக்கீல்களிடம் ஒரு பழக்கம் உண்டு. 'என் கட்சிக்காரர் அந்த இடத்திலேயே இல்லை' என்பார்கள். எடுபடவில்லை என்றால், 'இருந்தார், ஆனால் குற்றம் செய்யவில்லை' என்பார்கள். நானும் இரண்டாவது வாதத்துக்கு மாறினேன். பழமொழியில் கழுதை இருக்கிறது, சரி. ஆனால் கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியும்! குதிரைச் சாதி அது. மோப்பத்தில் நாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆண் கழுதை எதையாவது முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்டி, ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். சிரிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். மூக்குக்குள்ளே வாசனை பிரித்தறிய இருக்கிற தனி உறுப்புக்கு அது காற்றை ஏற்றிக்கொண்டிருக்கிறது. இதை இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினேன், உதட்டைச் சுருட்டிச் செய்தும் காட்டினேன்.

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள்.

மனைவி சாவகாசமாக ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எங்க ஊர்ப் பக்கம் வந்து பாய் தைக்கிறதுன்னு சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க" என்றாள். அம்பாசமுத்திரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே பத்தமடை. உலகத்துக்கே தெரிந்த கோரைப்பாய் அந்த ஊருடையது. கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியால் நரம்பு நரம்பாகக் கிழித்து, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக ஓட்டித் தறியில் நெய்கிறார்கள். பாயை நெய்வார்கள், முடைவார்கள், பின்னுவார்கள். தைப்பது இலை, துணி, செருப்பு. கோரைக்குள்ளேயே வளர்ந்தவளிடம் கோரையைப் பற்றி வாதாடியிருக்கக் கூடாது.

ஆனாலும் ஒரு நப்பாசை. புல்லுக்குப் பேர் என்னவாக இருந்தால் என்ன, வாசனை இருந்துவிட்டால் வழக்கு ஜெயம்தானே? எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் செய்யச் சொல்லிக் கொடுத்த பத்தமடைப் பாய் பரணில் இருக்கிறது. ஓரத்தில் எங்கள் இரண்டு பேர் பேரையும் நெய்திருப்பார்கள். கல்யாணப் பாய்க்கு அதுதான் வழக்கம். பட்டுப்போல் மடியும் என்பதால் அதில் யாரையும் படுக்கவிடாமல், பழைய வேட்டியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள் மனைவி. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஏணி போட்டு இறக்கினேன். கூடத்தில் விரித்தேன். சிவப்பும் பச்சையும் கொஞ்சம் மங்கியிருந்தன. என் பேரில் ஓர் எழுத்தின் புள்ளியைக் காணோம். மண்டியிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, ஓரத்திலிருந்து முகர்ந்துகொண்டே போனேன். முதலில் தூசி. பிறகு, நடுப்பக்கம் வரவர, சந்தேகமே இல்லை, குளுகுளுவென்று, மூக்குத் தண்டில் ஏறுகிற அதே வாசனை.

"கற்பூரம்!" என்று கத்திவிட்டேன்.

நிமிர்ந்தால் வாசலில் காய்கறிப் பையோடு மனைவி, பின்னால் அம்மா, அவர்களுக்குப் பின்னால் குக்கர் வாங்கிப் போக வந்த நெல்லூர் அம்மாள். நான்கு காலில் நின்றுகொண்டிருந்த என்னை மூவரும் பார்த்தார்கள். நெல்லூர் அம்மாள்தான் முதலில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்.

"அது பாச்சை உருண்டைங்க" என்றாள் மனைவி. "பூச்சி அரிக்கக் கூடாதுன்னு நான்தான் போட்டு வச்சேன்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று மூன்று பேர் முகத்திலும் எழுதியிருந்தது. பாயைச் சுருட்டுவதற்கு மட்டும் என்னைத் தொடவிடவில்லை.

கழுதையைப் பற்றிய பேச்சை நான் விட்டுவிட்டேன். ஆனால் தொழில் பழகிவிட்டது, கை சும்மா இருக்கவில்லை. 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதை எடுத்தேன். குதிர் என்றால் ஆற்று நடுவே உள்ள மணல் திட்டாம், குதிரை இல்லையாம். எனக்குத் தெரிந்து குதிர் என்பது நெல் கொட்டி வைக்கிற குதிர். மண் குதிரைக்கோ தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயில்களில் வரிசை வரிசையாக நிற்கிறது. வேளார் மண்ணில் செய்து சூளையில் சுட்டுத் தர, புரவியெடுப்பு அன்று ஊரே தோளில் சுமந்து போகும். மண்குதிரை மனிதனைச் சுமக்காது, மனிதன்தான் அதைச் சுமக்க வேண்டும் என்று தோள் வலியோடு தெரிந்துகொண்டவர்கள் சொன்ன சொல்லாகத்தான் எனக்குப் படுகிறது. இதைச் சொன்னபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

பிறகு, அம்மாவுக்கு ஓர் உபகாரம் செய்யலாம் என்று தோன்றியது. 'வரவர மாமியார் கழுதை போல ஆனாளாம்' என்று ஒரு பழமொழி உண்டு. மனைவி அதை மாவு சலிக்கும்போது மட்டும் முணுமுணுப்பாள். அதற்கும் ரிப்பேர் இருக்கிறது: அது கழுதை இல்லை, கயிதையாம், கயிதை என்றால் ஊமத்தங்காயாம். பூ பார்க்க அழகாக இருக்கும், காயானால் முள்ளாகிவிடும். மாமியாரும் அப்படித்தான் என்று அர்த்தமாம். கட்டணம் வாங்காமல் இந்த வழக்கை எடுத்து நடத்தித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினாள். "ஊமத்தங்காயா? அது விஷம்டா. கழுதையாவது பொதி சுமக்குது, நாலு பேருக்கு உபயோகம். நான் கழுதையாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள். சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, உனக்கு ஆட்சேபணை இல்லையே?" என்றும் கேட்டாள்.

"எனக்கென்ன அத்தை, நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"எங்க ஊர்ல பைத்தியம் தெளியறதுக்குத்தான் ஊமத்தையத் தலையில தேய்ப்பாங்க" என்று அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெற்றிலையை மடித்தாள். "ரயில்வே லைன் ஓரமா நிறைய முளைச்சிருக்காம். நாலு காய் பறிச்சுட்டு வந்து குடு, அவ அரைச்சுத் தருவா."